கீழ் லேயரில் ஒரு முகம்

திண்டிவனத்து நண்பன் எடுத்த பேய்க் குறும்படத்துக்கு நான்தான் போஸ்டர். பேயாக நடிக்க ஆள் கிடைக்காமல், விழுப்புரத்திலிருந்த என் அத்தையைச் சம்மதிக்க வைத்திருந்தோம். வீட்டு வாசலில் நின்று அவர் சிரிக்கும் போட்டோ ஒன்றை போட்டோஷாப்பில் திறந்தேன்.

அரை மணி நேர வேலைதான். லிக்விஃபையில் வாயின் ஓரங்களை இழுத்தேன். கண்மணிகளை வெள்ளையால் மூடினேன். சாச்சுரேஷனைக் குறைத்ததும் முகத்தில் ரத்தம் வற்றியது. மேலே ஒரு கருநீல லேயரை மல்டிப்ளையில் போட்டேன். விரிந்த கூந்தல், சிவப்பு எழுத்து. "செம மிரட்டல்டா" என்றான் நண்பன்.

அத்தை கொஞ்ச நேரம் பார்த்தார். "நான் ஏன் பேயானேன்னு படத்துல இருக்கு. இதுல இல்லையேடா?"

அந்தக் கேள்வி நம் பேய்ப்படங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். சந்திரமுகி (2005) காதலனைப் பறிகொடுத்து உயிரோடு எரிக்கப்பட்ட நடனக்காரி. காஞ்சனா (2011) நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை. முதலில் பயப்படும் நாம், பிளாஷ்பேக் முடிந்ததும் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். ஆனால் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை சுவர்களில் நான் பார்த்து வளர்ந்த பேய்ப்பட போஸ்டர்களில் பெரும்பாலும் கோரமான பெண்முகம்தான். அவளுக்கு நடந்தது அதில் இல்லை.

போஸ்டர் கதையைச் சொன்னால் டிக்கெட் யார் வாங்குவார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் பயத்துக்குச் சிதைந்த முகம் அவசியமில்லை என்பதை நம் படங்களே காட்டியிருக்கின்றன. 'யாவரும் நலம்' (2009) வீட்டு டிவியை வைத்தே மிரட்டியது. 'பீட்சா'வில் (2012) இருட்டு வீடும் ஒரு டார்ச்சும் போதுமாக இருந்தது.

மென்பொருளைக் குற்றம் சொல்ல முடியாது. கையால் பேனர் வரைந்த காலத்திலும் பேய்க்குக் கூந்தல் விரிந்துதான் இருந்தது. 1994இல் போட்டோஷாப்புக்கு லேயர் வந்தது. செய்ததை அழிக்காமலே மறைத்துப் பார்க்கும் வசதியும் கூடவே வந்தது. நான் ஒவ்வொரு லேயராக அணைத்துக்கொண்டே வந்தேன். கடைசி லேயரில் அத்தை சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்பை அப்படியே விட்டு, பின்னால் திறந்திருந்த கதவை மட்டும் இருட்டாக்கினேன்.

"பேய் எங்கடா?" என்று சலித்துக்கொண்டான் நண்பன். பிறகு அவனே கேட்டான்: "இவங்களுக்கு என்ன ஆவப்போவுது?"