கடல்மல்லை நீர்வண்ண ஓவியங்களும் 'இடிபாடு' என்னும் பெயரும்

செங்கற்பட்டு மாவட்டத்து மாமல்லபுரத்தைப் பழங்கால ஐரோப்பியர் வரைந்த நீர்வண்ண ஓவியங்கள், 'பண்டைய இடிபாடுகள்' என்னும் பெயரோடு விலைக்கு வருவதுண்டு. இப்பெயர் பொருந்துமா என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

ஐந்து இரதங்கள் இடிந்தவை அல்ல, முற்றுப்பெறாதவை. சிற்பிகள் பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி வந்தமையின், தருமராச இரதத்தின் மேல்நிலைகள் நிறைவுற்றிருக்க, அடித்தளம் பணி முடியாது நிற்கின்றது. கடற்கரைக் கோயிலோ உப்புக்காற்றால் உண்மையிலேயே தேய்ந்தது. உளி படாத கல்லையும் காற்று அரித்த கல்லையும் ஒரு சொல்லால் குறித்தல் பொருந்தாது. மேலும், திருமங்கையாழ்வார் பாடிய தலசயனத்தில் இன்றும் வழிபாடு நடைபெறுகின்றது. ஆதலின் ஊரும் பாழன்று.

இப்பெயர்க்கு அக்கால ஐரோப்பியச் சுவையே காரணம் எனலாம். சிதைவில் அழகு காணும் நோக்கு 18ஆம் நூற்றாண்டில் அங்கு ஓங்கியிருந்தது. வில்லியம் சேம்பர்சு 1788இல் வெளியிட்ட கட்டுரை, கடல் கொண்ட நகர் பற்றிய செவிவழிக் கதையையும் பரப்பிற்று. 1792-93இல் தென்னாட்டில் பயணம் செய்த தாமசு டேனியல், வில்லியம் டேனியல் ஆகியோரும் இவ்வூரை வரைந்தனர்.

எனினும் இவ்வோவியங்களைத் தள்ளுதல் தகாது. பிற்காலத்து அலைதடுப்புச் சுவர் எழுமுன் கடல் கோயிலை எத்துணை நெருங்கியிருந்தது, மணல் எங்கெங்கே மூடியிருந்தது என்பவற்றை இவற்றால் அறியலாம். ஆயின் ஓர் ஓவியத்தை மற்றோர் ஓவியத்தோடும் கட்டடத்தோடும் ஒப்பிட்ட பின்னரே சான்றாகக் கொள்ளல் வேண்டும். விற்போர் இட்ட பெயரை ஆராய்வோரும் ஏற்பின், பல்லவச் சிற்பி முடியாது விட்ட பணி காலத்தின் அழிவாகப் பிழைபடக் கொள்ளப்படும்.