சொன்னவர் யார்? கேட்டவர் யார்?

பொன்மொழிகளைப் பரிமாறிக்கொள்வதில் நம் மக்களுக்கு உள்ள ஆர்வம் பெரிது. நாட்காட்டித் தாளின் அடிவரியிலும், திருமண அழைப்பிதழின் முகப்பிலும், பள்ளிக்கூடச் சுவரிலும், ஆட்டோ வண்டியின் முதுகிலும் பெரியோர் வாக்குகளைக் காண்கிறோம். இன்றோ ஸுபுஹுத் தொழுகை முடித்துக் கைப்பேசியைத் திறந்தால் உறவினரும் நண்பரும் அனுப்பிய வாசகங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பெரியவரின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் சரிதானா, அவர் அதனை யாரிடம், எந்த நிலையில் சொன்னார் என்று கேட்போர் மிகச் சிலர். கேட்டாலும், "நல்ல கருத்துத்தானே, யார் சொன்னால் என்ன?" என்பதே மறுமொழியாக வருகிறது. 2015-இல் மறைந்த அப்துல் கலாம் அவர்களின் பெயரால் உலவும் வாசகங்களில் அவருடைய நூல்களில் காணக்கிடைக்காதவை பல உள்ளன. யார் சொன்னால் என்ன என்னும் அந்த மறுமொழி நிற்குமா என்பதை உரைத்துப் பார்க்கவே இக்கட்டுரை எழுந்தது. அதற்குத் தக்க உரைகல்லாகத் திருவண்ணாமலையை எடுத்துக்கொள்கிறோம்.

மலையடிவாரத்து வாக்குகள்

பௌர்ணமி தோறும் மலையை வலம்வர மக்கள் திரளும் அவ்வூரில், ரமண மகரிஷியின் படங்களையும் அவருடைய வாக்குகளைத் தாங்கிய அட்டைகளையும் காணாமல் செங்கம் சாலையைக் கடந்துவிட முடியாது. 1896-இல் பதினாறு வயதுச் சிறுவராக அங்கு வந்து, 1950-இல் மறையும்வரை வேறெங்கும் செல்லாதிருந்தவர் அவர். அவர் தம் கையால் எழுதியவை சில. அவர் சொன்னதாகப் பிறர் எழுதியவை மிகப் பல. எனவே ஒருவர் வாக்கு மற்றொருவர் வாயிலாக நம்மை வந்தடையும்போது என்ன நிகழ்கிறது என்பதை ஆராய இதனினும் பொருத்தமான களம் தமிழகத்தில் அரிது.

தென்னார்க்காடு மாவட்டத்தின் வருவாய்த்துறையில் பணியாற்றிய சிவப்பிரகாசம் பிள்ளை, 1901-02 காலத்தில் விருபாட்ச குகையில் அவரைக் கண்டு வினாக்களைத் தொடுத்தார். அந்நாளில் ரமணர் பேசுவதில்லை. சைகையால் விடை தந்தார்; விளங்காதபோது எழுதிக் காட்டினார். பிள்ளையவர்கள் நினைவிற்கொண்டு குறித்துவைத்த அவ்வினாவிடைகள் 1923-இல்தான் அச்சேறின. 'நான் யார்?' என்ற பெயரில் இன்று உலகெங்கும் பரவியிருக்கும் சிறுநூலின் பிறப்பு இதுவே. முதற்குறிப்பில் பதினான்கு வினாக்கள். பின்வந்த பதிப்புகள் சிலவற்றில் இருபத்தெட்டு, சிலவற்றில் முப்பது. வினாக்களே இன்றிக் கட்டுரை வடிவில் அமைந்த பாடமும் உண்டு. ஒரு சிறுநூலுக்கே இத்துணை வடிவங்கள் என்றால், தனி வரியாகப் பிய்த்தெடுத்த ஒரு வாசகத்தின் கதி என்னவாகும்?

எழுதியோர் நால்வர்

அவருடைய உரையாடல்களைப் பதிந்தோருள் நால்வரை ஒப்புநோக்குவது பயன் தரும். முனகால வெங்கடராமய்யா 1935 முதல் 1939 வரையிலான உரையாடல்களைத் தொகுத்தார். மண்டபத்தில் பெரிதும் தமிழிலும், இடையிடையே தெலுங்கிலும் மலையாளத்திலும் நிகழ்ந்த பேச்சு, அவர் கைக்குறிப்பில் ஆங்கிலமாயிற்று. அந்த ஆங்கிலத்திலிருந்து அது மீண்டும் தமிழாக்கப்பட்டது. ஆகவே தமிழில் பிறந்த ஒரு சொல், கடல் கடந்து சென்று வேற்றுடை அணிந்து வீடு திரும்பியதைப் போல் நம்மிடம் வந்திருக்கிறது. அதன் கருத்தைப் போற்றலாம். ஒவ்வொரு சொல்லும் அவர் வாயிலிருந்து உதிர்ந்ததே என்று ஆணையிட இயலாது.

வழக்கறிஞராயிருந்த தேவராஜ முதலியார் 1945 மார்ச்சு முதல் 1947 சனவரி வரை நாட்குறிப்பு எழுதினார். இதுவும் ஆங்கிலத்தில்தான். ஆயினும் இவரிடம் ஒரு தனிச்சிறப்பைக் காண்கிறோம். தாம் மண்டபத்துள் நுழைந்தபோது பேச்சு முன்னரே தொடங்கியிருந்தால், அதனையும் மறையாது குறித்துவிடுகிறார். எங்கிருந்து கேட்டோம், எதனைக் கேட்கவில்லை என்று சொல்லும் இந்த நேர்மை, அவர் கேட்டதாகச் சொல்வனவற்றுக்கும் வலிமை சேர்க்கிறது. சூரி நாகம்மா தம் அண்ணனுக்குத் தெலுங்கில் எழுதிய கடிதங்களோ, வந்தவர் யார், அவர் என்ன மனநிலையில் வினவினார், சூழ இருந்தோர் என்ன செய்தனர் என்பதைக் கண்முன் நிறுத்துகின்றன.

நான்காமவர் முருகனார். அவருடைய 'குருவாசகக் கோவை' 1939-இல் வெளிவந்தது. உரையாடலை வெண்பாவாக்கும்போது எதுகையும் சீரும் சொல்லை மாற்றத்தான் செய்யும். எனினும் அச்செய்யுட்களை ரமணரே கண்ணுற்றுத் திருத்தியிருக்கிறார் என்பது அதற்கு வாய்த்த பெருமை. இங்கே சொன்னவரின் ஒப்புதல் இருக்கிறது, கேட்டவர்தாம் மறைந்துபோனார். முற்கூறிய மூவரிடத்தும் கேட்டவர் இருக்கிறார். சொற்களுக்குத்தான் முழு உறுதி இல்லை. ஒன்றை மற்றொன்றால் நிறைவு செய்து படிப்பவனே நேரிய வாசகன்.

நம்மவர் வகுத்த அளவுகோல்

இந்த ஆராய்ச்சி நமக்குப் புதிதன்று. நபிமொழிக் கலை வல்லார் இதற்கான அளவுகோல்களைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வகுத்துத் தந்துள்ளனர். சொல்லை அப்படியே அறிவிப்பது வேறு, கருத்தை மட்டும் அறிவிப்பது வேறு என்று பிரித்து, பின்னதற்கு எவர் தகுதியுடையவர் என வாதிட்டனர். ஸனது என்னும் அறிவிப்பாளர் வரிசை இல்லாத வாசகத்தை, அதன் அழகு கருதி மட்டும் ஏற்க மறுத்தனர். காதில் விழுந்ததையெல்லாம் எடுத்துச் சொல்லித் திரிவதை எச்சரிக்கும் அறிவிப்பை இமாம் முஸ்லிம் (ரஹ்) தம் தொகுப்பின் முன்னுரையிலேயே வைத்தார்கள்.

கேட்டவர் யார் என்பதற்கும் அக்கலையில் தனியிடம் உண்டு. செயல்களுள் சிறந்தது எது என்று வெவ்வேறு தோழர்கள் வினவியபோது, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளார்கள். ஒரு சமயம் உரிய நேரத்துத் தொழுகை. ஒரு சமயம் இறைநம்பிக்கை. பிறிதொரு சமயம் பசித்தவர்க்கு உணவளித்தல். கேட்டவரின் நிலைக்கும் தேவைக்கும் ஏற்ப விடை அமைந்தது என்று விரிவுரையாளர்கள் விளக்கினர். நபிமொழிகள் எழுந்த சூழலை மட்டுமே தொகுத்து இமாம் சுயூத்தீ (ரஹ்) ஒரு நூல் யாத்தார்கள். திருவண்ணாமலையிலும் இதனையே காண்கிறோம். தாமோ இளமையில் வீட்டைத் துறந்து வந்தவர். இல்லறத்தைத் துறக்கலாமா என்று கேட்ட குடும்பத்தாரிடம் இருந்த இடத்திலேயே இருக்கச் சொன்னார். அவர் வாழ்வை மட்டும் காட்டுவோனும், அவ்விடையை மட்டும் காட்டுவோனும் பாதியைத்தான் பகிர்கின்றனர்.

கெய்ரோவில் பிறந்து, ஹிஜ்ரி 902-இல் (கி.பி. 1497) மதீனாவில் மறைந்த இமாம் ஸகாவீ (ரஹ்) அவர்களின் 'அல்மகாஸிதுல் ஹஸனா' என்ற நூல் நம் காலத்துக்கென்றே எழுதப்பட்டதோ என எண்ணத் தோன்றும். மக்கள் நாவில் நபிமொழியெனப் புழங்கும் வாசகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இது எங்கிருந்து வந்தது, யாருடையது என ஆராயும் நூல் அது. தன்னை அறிதலையும் இறைவனை அறிதலையும் இணைத்து, 'மன் அரஃப' எனத் தொடங்கும் வாசகம் நம்மிடையே மிகப் பிரசித்தம். ஸூஃபியாக்கள் பலரும் அதனைப் பெருமானாரின் வாக்காகவே ஓதிவந்துள்ளனர். 'நான் யார்?' என்ற விசாரணையோடு அதனை இணைத்துப் பேசும் மேடைகளும் உண்டு. ஸகாவீ (ரஹ்) அவர்களோ, இது நபிமொழியாக அறியப்படவில்லை, ஹிஜ்ரி 258-இல் மறைந்த யஹ்யா இப்னு முஆத் அர்ராஸீ (ரஹ்) என்னும் ஞானியின் சொல்லாகவே சொல்லப்படுகிறது என்ற முடிபை எடுத்துக்காட்டினார்கள். இமாம் நவவீ (ரஹ்) அவர்களும் இது நபிமொழியாக உறுதிப்படவில்லை என்றே கருதினார்கள்.

இதனால் அவ்வாசகத்தின் பொருள் குன்றிவிட்டதா? இல்லை. ஒரு ஞானியின் சொல் ஞானியின் சொல்லாகவே மதிக்கப்படுகிறது. பெருமானாரின் பெயரோ அவர்கள் சொல்லாத ஒன்றைச் சுமப்பதிலிருந்து காக்கப்படுகிறது. தம்மீது வேண்டுமென்றே பொய்யுரைப்போருக்கு அவர்கள் விடுத்த கடும் எச்சரிக்கை மிகப் பல தோழர்கள் வாயிலாக வந்துள்ளது என்பதை எண்ணினால், "நல்ல கருத்துத்தானே" என்ற சமாதானம் எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்கும்.

ஒரு மறுப்பும் விடையும்

இவ்விடத்து ஒருவர் மறுக்கலாம்: "'நான் யார்?' நூலில் வினாக்களை நீக்கிக் கட்டுரையாக்கியவர் ரமணரே அல்லவா? சொன்னவரே சூழலை நீக்கியபின் நாம் ஏன் அதனைச் சுமக்க வேண்டும்?" வினா நியாயமானது. ஆனால் தம் சொல்லைத் தாமே மாற்றியமைக்கச் சொன்னவருக்கு உரிமை உண்டு. அவர் நீக்கிய வினாவின் இடத்தைத் தொடர்ச்சியான விளக்கம் நிரப்புகிறது. அட்டையில் ஒற்றை வரியை அச்சிடுவோர் வினாவையும் விளக்கத்தையும் சேர்த்தே நீக்கிவிடுகின்றனர். அந்த உரிமையை அவர்களுக்கு வழங்கியவர் எவர்?

இது புலமைக் குற்றத்தோடு நின்றுவிடுவதன்று. கணவனை இழந்து இத்தா இருக்கும் ஒரு பெண்ணுக்கு, உடலின் அழிவு ஓர் இழப்பே அன்று என்னும் தத்துவ வாக்கை அனுப்பிவைப்போர் உளர். தத்துவம் கற்றவன் வினவியபோது பிறந்த விடை அது. அழுதுகொண்டிருப்பவளுக்குக் கூறிய ஆறுதல் அன்று. கடனில் மூழ்கியவனுக்குப் பொறுமையின் மேன்மையை எழுதியனுப்பிவிட்டு, உதவிக் கடமையை நிறைவேற்றிவிட்டதாக அமைதி கொள்வோரும் உளர். மருந்து நல்லதே, நோயாளி யார் என்று பாராமல் கொடுத்தால் அதே மருந்து வருத்தும்.

ஆகவே, வாசகங்களைப் பகிர வேண்டா என்று நாம் சொல்லவில்லை. நற்சொல்லைப் பரப்புவது நற்செயலே. பகிருமுன் நம்மை நாமே மூன்று வினாக்கள் கேட்டுக்கொள்வோம்: இதனைச் சொன்னவர் இவர்தாம் என்பதற்கு என்ன சான்று? யாருக்கு விடையாக இதனைச் சொன்னார்? நான் அனுப்பும் மனிதர் அந்த நிலையில் இருக்கிறாரா? முதல் வினாவுக்கு விடை தெரியாதபோது பெரியவர் பெயரை நீக்கிவிட்டு, "எங்கோ படித்தது" என்று எழுதினால் குறைவொன்றுமில்லை. வீட்டில் பிள்ளைகள் ஒரு பொன்மொழியைச் சொல்லும்போது, "இதை எங்கே படித்தாய் வாப்பா?" என்று பெற்றோர் அன்போடு கேட்கும் வழக்கம் வந்துவிட்டால் போதும், ஸனது கேட்கும் நம் முன்னோரின் பழக்கம் அடுத்த தலைமுறைக்கும் கைம்மாறிவிடும்.