தரையை விட்டு ஒரு முழம்

சித்தூரில் நீவா, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் வந்தால் அதே ஆறு பொன்னை. அதன் கரையோரப் பொட்டல்தான், காற்று எழும்பாத விடியற்காலையில், ரேடியோ ஹெலிகாப்டர் பழகுகிறவர்களுக்கு நல்ல பள்ளிக்கூடம். திருப்பதிப் பக்கம் இது சரிப்படாது. கீழே ரேணிகுண்டா விமான நிலையம், மேலே ட்ரோனுக்கும் தடையுள்ள திருமலை.

எனக்குப் பறக்கவிடுவதைவிடத் தயார் செய்வதில் ருசி அதிகம். 450 வகையில் இறக்கை 325 மில்லிமீட்டர், எடை முக்கால் கிலோ சொச்சம். சுழலித் தலையைப் பிடித்துத் தூக்கினால் உடல் மட்டமாக நிற்க வேண்டும். மூக்கு தாழ்ந்தால் பேட்டரியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ள வேண்டும். இறக்கை நுனிகளில் சிவப்பும் நீலமுமாக டேப் ஒட்டி, சுழலவிட்டு, எட்ட நின்று பக்கவாட்டில் பார்க்க வேண்டும். இரண்டு நிறமும் ஒரே கோட்டில் ஓடாமல் சிவப்பு மேலே தெரிந்தால், நிறுத்திவிட்டு அதன் இணைப்புக் கம்பியில் அரைத் திருகு. அதிர்ந்துகொண்டிருந்த உடம்பு அப்போது அடங்குகிறதே, அது தம்பூரா சுருதி சேரும் சுகம்.

காலுக்குக் கீழே நுனியில் பந்து செருகிய குறுக்குக் கம்புகள். வால் நம்மைப் பார்க்க, 15 அடி இடைவெளி. விசையை மெல்ல ஏற்றினால் ஒரு முழம் எழும்பி, லேசாக வலப்பக்கம் சாய்ந்து நிற்கும். பழுதல்ல அது, வால் சுழலி இடப்பக்கம் தள்ளுவதற்கு ஈடுகொடுக்கும் சாய்வு. பத்து நொடி அப்படி அந்தரத்தில் நின்றாலே மனம் நிறைந்துவிடும்.