அரக்கர் கையேடு: சண்டைக்கு முன்னும் பின்னும்

ஆட்டத்தின் விதிநூல் அச்சேறும் முன்பே அதன் அரக்கர்கள் அச்சேறிவிட்டார்கள். 'அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வரிசையில் முதலில் வந்தது கேரி கைகாக்ஸ் எழுதிய 'மான்ஸ்டர் மேனுவல்' (1977). ஆட்டக்காரர்களுக்கான விதிநூல் 1978இலும், ஆட்டத்தை நடத்துபவருக்கான நூல் 1979இலும்தான் வெளியாயின. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் இயங்கிய டி.எஸ்.ஆர். நிறுவனம் வெளியிட்ட அந்தக் கெட்டி அட்டை நூலுக்கு 112 பக்கம். அதற்குள் 350க்கும் மேற்பட்ட உயிரினங்கள்.

இந்த ஆட்டத்தில் மேசையைச் சுற்றி அமர்பவர்களில் ஒருவர் 'டன்ஜன் மாஸ்டர்', சுருக்கமாக டி.எம். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரராகவோ மந்திரவாதியாகவோ பாத்திரம் ஏற்கிறார்கள். அவர்களுக்கு எதிரே என்ன வந்து நிற்கிறது, அது என்ன செய்கிறது என்று சொல்பவர் டி.எம். முடிவு சந்தேகமாக இருக்கும் இடத்தில் பகடை பேசும். டி.எம். அடிக்கடி புரட்டும் நூல் அரக்கர் கையேடு. அரை நூற்றாண்டில் அதன் பதிப்புகள் பல. ஒவ்வொன்றும் அரக்கனை ஒவ்வொரு விதமாகப் படிக்கச் சொல்லித் தந்திருக்கிறது.

வந்த வழிகள்

கைகாக்ஸும் கூட்டாளிகளும் அரக்கர்களைப் பொறுக்கி எடுத்த இடங்களுக்குக் கணக்கில்லை. கிரேக்க, நார்ஸ் புராணங்கள் ஒரு பக்கம். மலிவு விலை அறிவியல் புனைகதைகள் மறுபக்கம். வெட்டினாலும் மீண்டும் வளரும் டிரோல், போல் ஆண்டர்சனின் 1961ஆம் ஆண்டு நாவலிலிருந்து வந்தது. தான் நிற்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளித் தெரியும் டிஸ்பிளேசர் பீஸ்ட், வான் வோக்ட் 1939இல் எழுதிய கதையிலிருக்கும் விலங்கின் உருவத்தை ஒத்தது. இரும்பைத் துருவாக்கித் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டருக்கும், ஆந்தைத் தலைக் கரடியான அவுல்பேருக்கும் மூலம், கடையில் பொட்டலமாக விற்ற ஹாங்காங் பிளாஸ்டிக் பொம்மைகள்.

நம் பக்கத்து ராட்சசனும் 1977இலேயே இடம்பிடித்துவிட்டான். ராமாயணத்து அரக்கர்களை மனதில் வைத்து அந்தப் பக்கத்தைத் திறந்தால், டேவிட் டிராம்பியர் வரைந்த ஓவியத்தில் புலித்தலையோடு, மேல்நாட்டுச் சீமான் உடையில், புகைக்குழாயுடன் ஒருவன் இருப்பான். எதிரே இருப்பவர் நம்பும் ஒருவரின் தோற்றத்தில் வருவான். மதகுரு மந்திரித்துக் கொடுத்த குறுக்குவில் அம்பு பட்டால் சாவான். இரண்டுமே 1974இல் ஒளிபரப்பான 'கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர்' தொலைக்காட்சித் தொடரின் ஓர் அத்தியாயத்திலிருந்து வந்தவை. ஆட்ட மேசைக்கு இது குறையே இல்லை. நம்பிக்கைக்குரியவரின் முகம், தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பலவீனம் என்ற இரண்டு மட்டுமே இருந்தாலும் ஒரு மாலை முழுக்க ஆட்டம் நடத்தலாம்.

ஊரோடு வந்த ஆர்க்

முதல் கையேட்டில் ஒவ்வோர் அரக்கனுக்கும் மேலே ஒரு பட்டியல் இருக்கும். எவ்வளவு அரிது, எத்தனை பேர் தென்படுவார்கள், கூட்டில் இருக்க வாய்ப்பு எத்தனை சதவீதம், புதையல் எந்த வகை, அறிவு எவ்வளவு என்று அது நீளும். ஆர்க் என்ற இனத்துக்கு நேரே எண்ணிக்கை 30 முதல் 300 வரை. எந்தச் சண்டையிலும் முந்நூறு பேரை நிறுத்த முடியாது. அது ஒரு குடியிருப்பின் அளவு. குறிப்பிலும் தலைவன், காவலர்கள், பெண்கள், குழந்தைகள் என்று விவரம் உண்டு. ஆர்க்குகளோடு போரிடுவதா, அவர்களுக்குள் பகை மூட்டுவதா, சுற்றிப் போய்விடுவதா என்று ஆட்டக்காரர்கள் யோசிக்க இடமிருந்தது. தலைவனை வீழ்த்திய பிறகு அந்தக் குழந்தைகளை என்ன செய்வது என்ற கேள்வி பல மேசைகளில் சச்சரவைக் கிளப்பியது.

1983இல் டி.எஸ்.ஆர். நடத்திய 'டிராகன்' இதழின் 72ஆம் எண்ணில், குகைக் கூரையிலிருந்து விழுந்து குத்தும் பியர்சர் என்ற பிராணியின் வாழ்முறை பற்றி ஒரு கட்டுரை வந்தது. அரக்கர்களின் சூழலியலை எழுதும் நெடிய வரிசைக்கு அதுவே தொடக்கம். 1989இன் இரண்டாம் பதிப்பு இந்தப் போக்கை விதியாக்கியது: ஒவ்வோர் உயிருக்கும் உணவு, விழித்திருக்கும் நேரம், வாழிடம், சமூகம், சூழலியல் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிப்பு. நோக்கம் நல்லது, அமைப்புதான் கெடுத்தது. கோப்பில் செருகும் தனித்தாள்களாக அது வந்தது. ஒரு தாளின் இருபுறமும் வெவ்வேறு அரக்கர்கள் இருந்ததால், புதிய தாள்கள் சேரச் சேர அகர வரிசை குலைந்தது. 1993இல் மறுபடியும் கெட்டி அட்டைக்கே திரும்பினார்கள்.

கணக்குக்குள் அடங்கியவை

1997இல் டி.எஸ்.ஆரை விலைக்கு வாங்கிய விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2000இல் கொண்டுவந்த மூன்றாம் பதிப்பு, 'சேலஞ்ச் ரேட்டிங்' என்ற எண்ணை ஒவ்வோர் அரக்கனுக்கும் ஒட்டியது. அந்த எண்ணுக்கு ஒத்த நிலையிலுள்ள நான்கு பேர் கொண்ட குழுவுக்கு இவன் எவ்வளவு கடினம் என்பதற்கான அளவு அது. புதிதாக ஆட்டம் நடத்துபவருக்குப் பெரிய உதவி. ஆனால் எண்ணால் சொல்ல முடியாதது ஒன்று உண்டு. ஒரு சுற்றில் நால்வர் நான்கு முறை அடிக்க, ஒற்றை அரக்கன் ஒரே முறை திருப்பி அடித்தால், எவ்வளவு பெரிய டிராகனும் சீக்கிரம் சாய்ந்துவிடும்.

2008இன் நான்காம் பதிப்பு இதை நேரடியாக எதிர்கொண்டது. ஒரே அடியில் விழும் 'மினியன்', தனி ஆளாகக் குழுவைத் தாங்கும் 'சோலோ' என்று பிரித்தது; முட்டி மோதுபவன், பதுங்கி அடிப்பவன், தூரத்திலிருந்து எய்பவன் என்று பணியும் ஒதுக்கியது. சண்டை நடத்துவதற்கு இதைவிடத் தெளிவான நூல் இவ்வரிசையில் வரவில்லை. ஆனால் சண்டை தொடங்காதவரை அந்தத் தெளிவால் அதிகப் பயனில்லை. 2014இன் ஐந்தாம் பதிப்பு நடுவழியில் போனது. பெரும் அரக்கர்கள், பிறர் முறை முடிந்த கையோடு ஒரு செயலைச் செய்யும் 'லெஜண்டரி ஆக்ஷன்' பெற்றார்கள். சிலருடைய குகையே அவர்களுக்காகப் போரிட்டது.

எண்களை வாசிப்பது

டி.எம். எந்தப் பதிப்பை வைத்திருந்தாலும் செய்யக்கூடியது ஒன்றுண்டு: எண்களை நடத்தையாக வாசிப்பது. 1987இல் 'டிராகன்' 127ஆம் இதழின் தலையங்கத்தில் ரோஜர் மூர் ஒரு டி.எம்.மின் கோபால்டுகளைப் பற்றி எழுதினார். ஆட்டத்திலேயே மிக அற்பமான பிராணிகள் அவை. அந்த மேசையில் அவை வழியை அடைத்தன, தீ வைத்தன, மறைவிலிருந்து எய்தன. பலம்வாய்ந்த வீரர்கள் ஓட்டமெடுத்தார்கள். கோபால்டின் எண்களில் எதையும் மாற்றத் தேவைப்படவில்லை.

கீத் அம்மான் 2019இல் வெளியிட்ட 'தி மான்ஸ்டர்ஸ் நோ வாட் தேர் டூயிங்' இதையே முறையாக்கியது. 2014இன் காப்ளினை எடுத்துக்கொள்வோம்: தாங்கக்கூடிய அடியின் அளவான ஹிட் பாயின்ட் 7, ஒரே சுற்றில் அடித்துவிட்டு ஒளிந்துகொள்ளும் திறன், இருட்டில் பார்வை. இப்படிப்பட்ட ஒருவன் பட்டப்பகலில் வெட்டவெளியில் நின்று வாள் சுழற்ற மாட்டான். புதரிலிருந்து எய்வான், மறைவான், இடம் மாறி மறுபடி எய்வான். கோபால்டுக்குத் தோழன் அருகிலிருந்தால் தாக்குதல் கூர்மையாகும், வெயிலில் தடுமாறும். ஆகவே கூட்டமாக, இருட்டில் வரும். ஆர்க் எதிரியை நோக்கிப் பாய்வதில் கூடுதல் வேகம் கொண்டவன். தயங்கி நிற்பது அவன் இயல்பல்ல.

இந்த வாசிப்பு அரக்கன் எப்படிச் சண்டையிடுவான் என்பதைச் சொல்லும். ஏன் சண்டையிடுகிறான் என்பதைச் சொல்லாது. அதைத் தொட்டது டாம் மோல்ட்வே தொகுத்த 1981ஆம் ஆண்டின் 'பேசிக்' விதிநூல். சந்தித்ததும் இரண்டு பகடை உருட்டி, எதிரிலிருப்பவன் நட்பா பகையா என்று பார்க்கச் சொன்னது. ஒவ்வோர் அரக்கனுக்கும் மனவுறுதி எண் தந்து, தோற்கும் பக்கம் ஓடுமா என்று சோதிக்கச் சொன்னது. இந்த இரண்டு விதிகளும் பேச்சுவார்த்தைக்கும் சரணடைதலுக்கும் இடம் தந்தன. ஐந்தாம் பதிப்பின் அரக்கர் பக்கங்களில் மனவுறுதி எண் இல்லை.

இப்போது

2025 பிப்ரவரியில் வந்த புதிய 'மான்ஸ்டர் மேனுவல்' 500க்கும் மேற்பட்ட அரக்கர்களைக் கொண்டது. வாழிடம், புதையல் என்ற இரு வரிகள் ஒவ்வொன்றுக்கும் உண்டு. ஆனால் ஆர்க்குக்குத் தனிப் பக்கம் இல்லை. ஓர் இனத்தையே பிறவியில் தீயது என்று எழுதுவது தகுமா என்ற நீண்ட விவாதத்துக்குப் பின் வந்த நூல் இது. ஆர்க் இப்போது ஆட்டக்காரர் ஏற்கக்கூடிய இனமாக விதிநூலில் இருக்கிறார். எதிரியாக வேண்டுமென்றால் கொள்ளைக்காரர், காவலர் போன்ற பொது மனிதர்களின் எண்களை எடுத்துக்கொள்ளலாம். முடிவு நியாயமானதே. ஆனால் முந்நூறு பேர் கொண்ட குடியிருப்பை ஒரு வரியில் காட்டிய பழைய பக்கத்தின் வேலையை அந்தப் பொது எண்கள் செய்வதில்லை.

என் கணிப்பில், சண்டையை நடத்த 2008இலிருந்து வந்த நூல்கள் மேல். உலகைக் கட்ட 1977, 1989, 1981 நூல்கள் மேல். எந்த நூல் கையில் இருந்தாலும், ஆட்டத்துக்கு முந்தைய நாள் டி.எம். அரக்கனுக்கு அருகில் மூன்று வரி எழுதிக்கொள்ளலாம்: இவனுக்கு என்ன வேண்டும், எத்தனை பேரோடு இருக்கிறான், எந்த நிலையில் ஓடுவான். தாக்குதல் எண்களைக் கையேடு எப்போதும் தந்துவிடும். இந்த மூன்றையும் எழுதி வைத்தவரின் மேசையில்தான் ஆட்டக்காரர்கள் வாளை உருவும் முன் ஒரு வார்த்தை பேசிப் பார்ப்பார்கள்.