புளியங்கொட்டைத் தாயம்

மே மாதம் பிறந்தால் வேலூரிலும் திருவண்ணாமலையிலும் பெற்றோர் கோடை வகுப்பு தேடத் தொடங்குகிறார்கள். நீச்சல், அபாகஸ், கையெழுத்து, கீபோர்டு. பிள்ளைக்குப் பொழுது போக வேண்டும், செல்போனையும் தொடக் கூடாது. ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள மலையாளிப் பழங்குடி ஊர்களில் இந்தத் தேடல் இல்லை. உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படித்த பிள்ளைகள் மூட்டையோடு வீடு வந்து சேர்கிறார்கள். வந்த வேகத்தில் ஆடு மேய்ப்பதிலும் பலா இறக்குவதிலும் புளி உடைப்பதிலும் அவர்களுக்கு ஒரு பங்கு வந்துவிடுகிறது. இதை மெச்சிக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. குழந்தைத் தொழில் என்று முகம் சுளிக்கிறவர்களும் உண்டு. நல்ல வழக்கம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கிற வரைக்கும்தான்.

புளி உடைப்பதையே பார்க்கலாம். சின்னது சிதறிய கொட்டையைப் பொறுக்கும். அதைவிடப் பெரியது நார் உரிக்கும். கை தேறியவருக்குத்தான் கட்டை. யாருக்கு எந்த வேலை என்பதைப் பாட்டியின் கண்ணே முடிவு செய்கிறது. கை வேலை செய்ய, வாய் விடுகதை போடுகிறது. மிஞ்சிய கொட்டைகள் பல்லாங்குழிக்குப் போகும். சிலவற்றை ஒரு பக்கம் வெளுக்கும்வரை கல்லில் தேய்த்தால் தாயம் உருட்டலாம். வேலை எங்கே முடிந்தது, விளையாட்டு எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. குவாத்தமாலாவின் மாயா குடும்பங்களைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் பார்பரா ரோகோஃப் வலியுறுத்துவதும் இதைத்தான்: பெரியவர்களின் வேலையில் இடம் கிடைக்கிற பிள்ளை, பார்த்தும் கைகொடுத்துமே கற்றுக்கொள்கிறது. தன்னால் வீட்டுக்கு உதவியாகிறது என்ற நிறைவும் அதற்குக் கிடைக்கிறது. கட்டணம் கட்டிச் சேர்க்கும் எந்த வகுப்பும் இந்த நிறைவைத் தருவதாக எனக்குத் தெரியவில்லை.

சட்டமும் இதற்கு இடம் தந்திருக்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடை செய்கிறது. பள்ளி நேரம் போக, விடுமுறை நாட்களில், ஆபத்தில்லாத குடும்ப வேலையில் உதவுவதை அனுமதிக்கிறது. நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் உதவக் கூடாது என்ற வரம்பு 2017 விதிகளில் இருக்கிறது. ஆனால் காலையில் ஒரு மணி நேரம் நார் உரிப்பதும், வியாபாரிக்கு எடை போட்டுக் கொடுக்க நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்திருப்பதும் வெளியிலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றுதான்.

இன்னொரு குறை வெளியே தெரிவதில்லை. வீட்டின் மூத்த பெண்பிள்ளைக்கு விடுமுறை என்று ஒன்று கிடையாது. தம்பி மரமேறிக் கொண்டிருக்கும்போது அவள் தண்ணீர் எடுக்கிறாள், உலை வைக்கிறாள், கைக்குழந்தையை இடுப்பில் சுமக்கிறாள். பாட்டியின் கண் வேலையை வயது பார்த்துப் பிரிக்கிறது என்றேன். ஆண், பெண் பார்த்தும் பிரிக்கிறது. விடுதியில் அவளுக்குக் கிடைத்த மாலை விளையாட்டு, சொந்த வீட்டில் கிடைக்காமல் போவதை மரபு என்று சொல்லி நியாயப்படுத்த நான் தயாரில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், அந்தப் பெரியவரே இல்லாமல் போவது. சாமை விதைக்க மழை வர வேண்டும். கோடையில் நிலத்தில் வேலை குறைவு. கூலி தேடிப் பலர் மலையிறங்குகிறார்கள், ஆந்திராவுக்கும் கர்நாடகத்துக்கும் கேரளாவுக்கும். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டியதாகச் சொல்லிக் காவல்துறை சுட்டுக் கொன்ற 20 பேரில் இந்த மலைக்காரர்களும் இருந்தார்கள். இப்படிப் பெற்றோர் வெளியே போன வீட்டில் பிள்ளைகள் வயதான பாட்டியின் பொறுப்பு; சில வீடுகளில் பாட்டியே பிள்ளைகளின் பொறுப்பு. அங்கே ஏரியும் கிணறும் தேன்கூடும் கவனிப்பாரற்ற ஆபத்துகள். விடுதியில் மூன்று வேளையும் கிடைத்த சாப்பாடும் நின்றுபோயிருக்கும். சுதந்திரமாகத் திரிகிறார்கள் என்று கீழேயிருந்து பார்த்து மகிழ்வது இந்த இடத்தில் பெரிய கொடுமை.

அதற்காக நகரத்துக் கோடை முகாமை அப்படியே மலைக்கு ஏற்றுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. இதே மலையாளி மக்கள் வாழும் தருமபுரி மாவட்டத்துச் சிட்டிலிங்கியில் துளிர் கல்வி மையம் 20 ஆண்டுகளுக்கும் மேலாகக் கைவேலையையும் படிப்பையும் சேர்த்தே நடத்திவருகிறது. 2021இல் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், அந்தந்த ஊரிலிருந்தே தன்னார்வலர்களைப் பிடித்தது. அரசின் வாசிப்பு இயக்கத்தின் சின்னஞ்சிறு கதைப் புத்தகங்கள் பள்ளிக்கென்று வந்தவை; மே மாதம் ஊருக்குள் வந்தால் என்ன? ஜவ்வாது மலையிலேயே உள்ள காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. ஊருக்கு ஒரு நாள் வண்டி வைத்துப் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியவை இரண்டு. உண்டு உறைவிடப் பள்ளிகளின் சமையற்கூடம் விடுமுறையிலும் மதியச் சோறு போட வேண்டும். ஊருக்கு ஒரு பெரியவரை, கதையும் காடும் தெரிந்த ஒருவரை, சம்பளம் கொடுத்துப் பிள்ளைகளோடு இருக்க வைக்க வேண்டும். கைக்குழந்தையை அவரிடம் விட்டுவிட்டு, அந்த மூத்த பெண்ணும் தாயம் உருட்ட உட்காரலாம்.