ஆய்வேடுகளில் முன்னாய்வு இயல்: நூலகத் தேடலும் கலைச்சொல் சிக்கலும்

தமிழ் மொழியியல் ஆய்வேடுகளில் 'முன்னாய்வுகள்' என்னும் இயல் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைகிறது. ஆசிரியர் பெயர், நூற்பெயர், ஆண்டு, அந்நூல் எதைப் பற்றியது என்று கூறும் இரண்டொரு வாக்கியங்கள். பின்னர் அடுத்த நூல். இவ்வாறு பத்திகள் அடுக்கப்பட்டபின், 'இப்பொருள் பற்றித் தனி ஆய்வு இதுவரை நிகழவில்லை' என்னும் முடிவு வருகிறது. அது மெய்யான முடிவா என்பதே வினா. ஆய்வாளரின் சோம்பலைக் காரணம் காட்டிவிடுதல் எளிது. அவர் நூலகத்தில் எந்தச் சொல்லைக் கொண்டு தேடினார் என்று கேட்போர் அரியர்.

பெயரெச்சம் பற்றிய ஆய்வைச் சான்றாகக் கொள்ளலாம். தொல்காப்பியம் இதனைப் பெயரெஞ்சு கிளவி என்கிறது. பிற்கால மரபில் பெயரெச்சம் என்பது நிலைபெற்றது. 1856இல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெல் வழியினர் 'ரிலேட்டிவ் பார்ட்டிசிப்பிள்' என்றனர். இ. அண்ணாமலை 1969இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேடோ 'அட்ஜெக்டிவல் கிளாஸஸ் இன் தமிழ்' என்னும் தலைப்புடையது. டோக்கியோவில் அது நூல் வடிவம் பெற்றது 1997இல்தான். கால்டுவெல் வழிச் சொல்லை மட்டும் கொண்டு தலைப்புப் பட்டியலைப் புரட்டுபவருக்கு இப்பொருளின் இன்றியமையாத ஆய்வு கண்ணில் படாது. ஆசிரியர் பெயரால் தேடினும் இடர் உண்டு. பல்கலைக்கழகம் ஒன்றின் பெயரும் அதுவேயாதலின் அதன் வெளியீடுகள் முன்வந்து நிற்கும். கீனன், காம்ரி இருவரும் 1977இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை உலகமொழிகளின் இவ்வகைத் தொடர்களையே ஆராய்கிறது. எனினும் அதன் தலைப்பில் பெயர்த்தொடரின் அணுகுமை பற்றிய பேச்சே உள்ளது.

நூலக வகைப்பாடும் இங்கு முழுத்துணை ஆவதில்லை. டியூயி முறையில் தமிழ்மொழிக்குரிய 494.811 என்னும் எண்ணின் கீழ்ப் பழைய இலக்கண உரையும், பள்ளி இலக்கணமும், மாற்றிலக்கண ஆய்வும் அடுத்தடுத்து அமரும். பொதுத் தொடரியல் நூல்கள் வேறு அலமாரிக்குச் சென்றுவிடும். பருவ இதழ்க் கட்டுரைகளுக்கோ பெரும்பாலான பட்டியல்களில் தனிப்பதிவே இல்லை. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் செந்தமிழ், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் தமிழ்ப்பொழில் ஆகியவற்றில் இலக்கணம் பற்றி நிகழ்ந்த விவாதங்களை அறியத் தொகுதி தொகுதியாகப் பொருளடக்கம் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பைக் கொண்டு 1994இல் சென்னையில் உருவான ஆராய்ச்சி நூலகம் போன்றவற்றுக்கு ஆய்வாளர் நேரில் செல்லவேண்டியதும் இதனாலேயே.

மின்வடிவம் இக்குறையைத் தீர்த்துவிட்டது என்று கருதுதல் பொருந்தாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகளுக்குப்பின் ஆய்வேடுகள் 'சோத்கங்கா' தொகுப்பில் சேர்ந்து வருகின்றன. இது பெரும்பேறு. ஆயினும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் அச்சிடப்பட்டவையும், வெறும் படங்களாக வருடப்பட்டவையும் உள்ளே தேடுதலுக்கு இடங்கொடா. தலைப்பும் ஆங்கில எழுத்தில் பலவாறு பெயர்க்கப்பட்டிருக்கும். 'பெயரெச்சம்' என்னும் ஒரு சொல்லுக்கே மூன்று நான்கு எழுத்துப்பெயர்ப்புகள் இயலும்.

இவை தேடல் பற்றிய இடர்கள். இவற்றினும் கடியது மதிப்பீட்டில் நேர்வது. மரபிலக்கணத்தில் பெயரெச்சத்தொடர் என்பது தொகாநிலைத் தொடர்களுள் ஒன்று. 'நேற்று வந்த பையன்' என்பதில் எச்சமும் அது தழுவும் பெயரும் சேர்ந்ததே அத்தொடர். தொடரியலார் கூறும் அடைத்தொடரோ 'நேற்று வந்த' என்பதோடு நின்றுவிடும். 'பையன்' அதற்கு வெளியே உள்ள தலைப்பெயர். அலகே வேறாக, இரண்டையும் பெயரெச்சத்தொடர் என்றே மொழிபெயர்த்துவிட்டு, 'இவர் கருத்தினின்று அவர் மாறுபடுகிறார்' என்று எழுதும் ஆய்வேடு இல்லாத முரணை உண்டாக்குகிறது. சில இடங்களில் உள்ள முரணை மறைத்தும் விடுகிறது. 'மழை பெய்த சத்தம்' போன்ற தொடர்களில் தழுவும் பெயர் எச்சத்தின் உள்ளிருந்து வந்ததன்று, சத்தம் பெய்யவில்லை. இதனை 'மழையில் நனைந்த பையன்' என்பதோடு ஒருங்கு வைப்பதா, பிரிப்பதா என்பதில் உரைகாரர் விளக்கமும் தொடரியலார் விளக்கமும் எதிரெதிர் நிற்கும் இடம் ஆய்வுக்கு உரியது. நூற்பெயர் அடுக்கும் இயலில் இது வெளிப்படுவதே இல்லை.

ஆகவே நெறியாளர் முதலில் கேட்கவேண்டியது எத்தனை நூல்கள் பார்க்கப்பட்டன என்பதன்று. எந்தெந்தச் சொற்களால், எந்தெந்தப் பட்டியல்களில், எந்த ஆண்டு வரையிலான இதழ்த் தொகுதிகளில் தேடப்பட்டது என்பதை ஆய்வேடே அரைப்பக்கத்தில் கூறவேண்டும். ஒவ்வொரு முன்னோடியும் கையாண்ட கலைச்சொல்லை அவர் வடிவிலேயே தந்து, அதன் எல்லையை ஓர் எடுத்துக்காட்டால் வரையறுத்தபின்னரே தமிழாக்கம் தரப்படவேண்டும். 'தனி ஆய்வு நிகழவில்லை' என்னும் வாக்கியம் அந்த அரைப்பக்கத்துக்குப் பின்னால் வருமாயின், அதனைச் சரிபார்க்கப் படிப்பவருக்கும் வழி உண்டு.