கல்லும் கற்பூரமும்

புதுமைப்பித்தனின் 'சாபவிமோசனம்' 1943-இல் 'கலைமகள்' பத்திரிகையில் வெளிவந்த கதை. வாலிபப் பிராயத்தில் அதை முதன்முதலாகப் படித்தபோது, முடிவு வலிந்து செய்தது என்றுதான் எனக்குப் பட்டது. ராமனுடைய பாததூளியால் சாபம் நீங்கிய அகலிகை, சீதையை அவன் தீக்குளிக்கச் செய்தான் என்று கேட்டு அதிர்ந்துபோகிறாள்; கடைசியில் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். நெருப்பில் இறங்கிய சீதையே அதைச் சிரித்துக்கொண்டு சொல்கிறாள். கேட்டவள் எதற்காகக் கல்லாக வேண்டும்?

இதற்கு விடை எனக்குப் புஸ்தகத்தில் கிடைக்கவில்லை. சங்கரன்கோவிலை அடுத்த குருவிகுளத்தில் கிடைத்தது.

அந்தக் கரிசல் சீமையில் 'மன்னித்துவிட்டேன்' என்று யாரும் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்லை. பேச்சு வார்த்தை அற்றுப்போன பங்காளி, துஷ்டி கேட்க வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டால் பாதிப் பகை போயிற்று. அடுத்த விசேஷத்தில் அந்த வீட்டில் கை நனைத்துவிட்டால் மீதியும் போயிற்று. அழகான ஏற்பாடுதான். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. சோறு போட்டதும் ஊர் கணக்கைத் தீர்த்துவிடுகிறது, மனசைக் கேட்பதில்லை.

அங்கே ஒரு மூதாட்டியைச் சந்தித்தேன். இளம் வயதில் யாரோ கட்டிவிட்ட வதந்தியால் புருஷன் வீட்டை விட்டுப் போக நேர்ந்தவர். ஊர்ப் பெரியவர் ஒருவர் தலையிட்டு, "வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள், அதற்காகப் பெண்ணைத் தள்ளுவதா?" என்று புருஷனைக் கடிந்து சேர்த்துவைத்தார். பல வருஷங்களுக்குப் பிறகு, அதே பெரியவரின் மருமகள்மீது ஒரு சொல் விழுந்தது. அவளைக் கோயில் முன்னே நிறுத்திக் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். அன்று முதல் மூதாட்டி அந்த வீட்டில் கை நனைக்கவில்லை.

"அவுக சொன்னதாலதான தம்பி நான் இந்த வீட்டுப் படி ஏறினேன்? அவுக வீட்டுப் பிள்ளைய மட்டும் சூடம் அணைக்கச் சொன்னா, அப்போ என்னைய என்னன்னு நினைச்சு ஏத்துக்கச் சொன்னாக?"

அகலிகையின் கேள்வியும் இதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

வால்மீகியின் அகலிகை காற்றையே உணவாகக் கொண்டு கண்ணுக்குப் புலப்படாமல் தவம் கிடக்கிறவள். கம்பனிடம் அவள் கல். இருவரிடமும் ராமன் வந்ததோடு அவள் கதை முடிந்துவிடுகிறது. மன்னிப்புப் பெற்றவள் அப்புறம் எப்படி வாழ்ந்தாள் என்பது நம் மரபுக்கு அவசியமில்லாத விஷயம். புதுமைப்பித்தன் அங்கேதான் ஆரம்பிக்கிறார். அவள் பெயரைக் கேட்டதும் பெண்கள் விலகிப் போகிறார்கள். இத்தனைக்கும் நடுவில் அவளைத் தாங்கி நிற்பது, ராமன் தன்னைக் குற்றமற்றவளாகக் கண்டான் என்ற ஒரே நம்பிக்கை. உலகத்துக்காக அவன் சீதையைச் சோதித்தான் என்றதும் அந்தத் தூண் சரிந்துவிடுகிறது. அவளுக்குக் கிடைத்தது நீதியல்ல, தயவுதான் என்று ஆகிவிடுகிறது.

கதையின்மேல் எனக்கு ஒரு குறை இன்னமும் உண்டு. தம் சாபத்தை எண்ணித் தாமே வெந்தவர் கௌதமர். அகலிகை கல்லாவது அவருடைய அணைப்பில். உண்மையாக மனம் மாறிய ஒரே மனிதருக்கு இத்தனை பெரிய தண்டனையா? ஆசிரியர் அவரிடம் கொஞ்சம் இரக்கமில்லாமல் நடந்துகொண்டார் என்றே நினைக்கிறேன். ஆயினும், ஒருவர் மனம் மாறினால் போதாது, அவர் நிற்கிற தர்மமும் மாறவேண்டும் என்று சொல்ல அவருக்கு வேறு வழி இருந்திருக்குமோ என்னவோ!

மன்னிப்பது பெரிய குணம் என்று நமக்குச் சின்ன வயசிலிருந்தே சொல்லிக்கொடுக்கிறார்கள். மன்னிக்கப்பட்டவர் அப்புறமும் நம்மைப் பார்த்துக்கொண்டேயிருக்கிறார் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதை 'சாபவிமோசனம்' சொல்கிறது. குருவிகுளத்து மூதாட்டி அந்தக் கதையைப் படித்தவரல்லர். படிக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.